ஒன்றுமே நடக்காத குடியேற்றக் காலப் படங்களை எப்படித்தான் பார்க்கிறீர்கள்?

அமெரிக்காவில் புது நிலம் தேடிப் போனவர்களைப் பற்றிய சின்ன பட்ஜெட் படங்களில் ஒன்றுமே நடப்பதில்லை, இதையெல்லாம் யார் ரசிக்கிறார்கள் என்று கேட்டிருக்கிறீர்கள். துப்பாக்கிச் சண்டை, குதிரைத் துரத்தல் என்று எதிர்பார்த்து உட்கார்ந்திருப்பீர்கள். வராததும் பாதியில் நிறுத்தியிருப்பீர்கள். நான் ரசிக்கிறேன். என் அம்மாவும் ரசித்தார்.

1979-ல் ரிச்சர்ட் பியர்ஸ் இயக்கிய 'ஹார்ட்லேண்ட்' படத்தைச் சொல்கிறேன். பெரிய ஸ்டுடியோ எதுவும் பின்னால் இல்லை. அமெரிக்க அரசின் கலை, வரலாற்றுத் துறைகளுக்கான நிதியுதவியில், மொன்டானாவில் எடுத்த படம். 1980-ல் பெர்லின் திரைப்பட விழாவில் தங்கக் கரடி விருதை இன்னொரு படத்தோடு பகிர்ந்துகொண்டது. விருது வாங்கியதால் நல்ல படம் என்று சொல்ல வரவில்லை, அந்தச் சண்டைக்கு யாரும் வர வேண்டாம்.

கதை 1910-ல் வயோமிங்கில் நடக்கிறது. எலினோர் என்ற பெண் சின்ன மகளோடு, கிளைட் என்ற மாட்டுப் பண்ணைக்காரரிடம் வீட்டு வேலைக்கு வருகிறாள். கிளைட் அதிகம் பேசாத மனிதர். சமையல், துவைப்பு, மாடு, பனி என்று நாட்கள் போகின்றன. ஒன்றும் நடக்கவில்லை என்று நீங்கள் சொல்வது இதைத்தான் என்றால், எங்கள் வீட்டிலும் அறுபது வருஷமாக ஒன்றும் நடக்கவில்லை.

இதை அம்மாவோடு பார்த்தேன். அவருக்கு ஆங்கிலம் தெரியாது. முதலில் வசனத்தை நான் சொல்லிக்கொண்டே வந்தேன், கொஞ்ச நேரத்தில் "நீ சும்மா இரு கண்ணு, எனக்குப் புரியுது" என்றார். குளிர்காலத்தில் தீவனம் இல்லாமல் மாடுகள் சாகும் இடத்தில் கிளைட்டைத் திட்டினார், "தீனி சேத்து வெக்காம இத்தனை உருப்படிய எதுக்கு வெச்சிருக்கான்?" என்று. கிளைட்டையே கல்யாணம் செய்துகொண்ட எலினோருக்குப் பிரசவ வலி வந்து, கிளைட் பனிப்புயலில் உதவிக்கு ஆள் தேடிப் போய் வெறுங்கையோடு திரும்புவார். அவள் தனியாகவே பெற்றெடுப்பாள். "பக்கத்துல ஒரு பொம்பளை கூடவா இல்ல அந்த ஊர்ல?" என்று என்னிடம் கோபப்பட்டார், ஏதோ நான்தான் அவளை அங்கே கொண்டுபோய் விட்ட மாதிரி. கன்று பிறக்கும் காட்சியில் அவர் கையும் சேர்ந்து இழுத்தது. ஒன்றுமே நடக்காத படத்தை ஒருவர் இப்படிப் பார்ப்பாரா?

நான் பார்த்தது வேறு ஒன்று. எலினோர் தன் பெயரில் நிலம் வேண்டும் என்கிறாள். 1862-ன் குடியேற்றச் சட்டப்படி அப்போது 160 ஏக்கருக்கு விண்ணப்பிக்கலாம். அங்கே வீடு கட்டி, ஐந்து வருஷம் குடியிருந்து, பயிர் செய்தால் நிலம் சொந்தம். 21 வயதான கல்யாணமாகாத பெண்ணும் விதவையும் விண்ணப்பிக்கலாம், கணவனோடு வாழும் மனைவிக்குப் பொதுவாக அந்த உரிமை இருக்கவில்லை. இந்தப் படம் நிஜமாகவே வாழ்ந்த ஒரு பெண்ணின் கதை. அந்த நிஜ எலினோர் 1909-ல் தன் பெயரில் பதிந்துவிட்டு, சில நாளிலேயே கிளைட் ஸ்டூவர்ட்டைக் கல்யாணம் செய்துகொண்டார். 1912-ல் அந்த உரிமையை எலினோர் விட்டுக்கொடுக்க, அதே நிலத்துக்கு மாமியார் விண்ணப்பித்தார். 1914-ல் புத்தகமாக வந்த எலினோரின் கடிதங்களை மட்டும் படித்தால் இது தெரியாது.

அந்த மண் பூர்வகுடிகளிடமிருந்து பறித்ததுதானே என்று ஒருவர் கேட்பார். ஆமாம், பறித்ததுதான். படம் அதைப் பேசவில்லை, அது குறைதான். அதற்காக அந்தப் பெண் பட்ட பாடு பொய்யாகிவிடாது.

எனக்கு ஏன் இவ்வளவு ஆத்திரம் வருகிறது என்றால், அம்மா இன்று வரை தினம் எங்கள் விவசாயக் காட்டுக்குப் போகிறார். பட்டா அப்பா பெயரில் இருந்தது, அவருக்குப் பின் சித்தப்பாக்களோடு கூட்டுப் பட்டா ஆனது, அதிலும் அம்மா பெயர் ஏறவில்லை. மழையில் மஞ்சள் அழுகிய வருஷம் நிவாரணத்துக்கு மனு கொடுக்கப் போனோம். மேசைக்குப் பின்னால் இருந்தவர் தாளைப் பார்த்துவிட்டு, "இவங்க விவசாயி இல்லையேம்மா, விவசாயி யாரோ அவங்களை வரச் சொல்லுங்க" என்று என்னிடம் சொன்னார். அம்மாவின் விரல் இடுக்கில் மஞ்சள் கறை அப்படியே இருந்தது. பெயர் சேர்க்கக் கொடுத்த மனு இன்னும் நிலுவையில்தான் இருக்கிறது. இதற்கும் உங்கள் கேள்விக்கும் சம்பந்தம் இல்லை என்பவர்கள் தாண்டிப் போகலாம்.

சரி, பார்ப்பதென்றால் ஒரே மூச்சில் பாருங்கள், ஒன்றரை மணி நேரத்துக்குக் கொஞ்சம் மேல்தான். வேகத்தைக் கூட்டி ஓட்டாதீர்கள். பன்றி அறுக்கும் காட்சியை மறைக்காமல் அப்படியே காட்டுகிறார்கள், சின்னக் குழந்தைகள் பக்கத்தில் இருந்தால் அனுப்பிவிட்டுப் பாருங்கள்.