சைக்கிளில் உலகம் சுற்றுபவர்களுக்குப் பணமும் நேரமும் எங்கிருந்து வருகிறது?

மாதக்கணக்கில் சைக்கிளில் சுற்றுபவர்கள் பிழைப்புக்கு என்ன செய்கிறார்கள் என்று கேட்டிருக்கிறீர்கள். பலர் வழியில் சம்பாதிப்பதே இல்லை. சில வருடம் வேலை பார்த்துச் சேர்த்த பணத்தோடு, வாடகை வீட்டைக் காலி செய்துவிட்டுக் கிளம்புகிறார்கள். பெட்ரோல் செலவு கிடையாது, இரவில் கூடாரம், சமையல் சொந்த அடுப்பில். அப்புறம் வார்ம்ஷவர்ஸ் (Warmshowers) என்ற சைக்கிள் பயணிகளுக்கான இணையதளம் மூலம் சக சைக்கிள்காரர்களே தங்க இடம் தருவார்கள். அதனால் சேமிப்பு நினைத்ததைவிட நீண்ட நாள் தாங்கும்.

நேரம்? ஆசிரியர்களுக்கு நீண்ட விடுமுறை, சிலருக்குச் சம்பளமில்லா விடுப்பு. போகிற வழியிலேயே மடிக்கணினியில் வேலை பார்க்கலாம் என்பது கேட்க நன்றாக இருக்கும். ஆனால் நாள் முழுக்க மிதித்துவிட்டு உட்கார்ந்தால் தூக்கம்தான் வரும்.

1962இல் ஜெர்மனியிலிருந்து கிளம்பி, சுமார் 50 ஆண்டுகள் சுற்றிய ஹைன்ஸ் ஸ்டூக்கே, தன் பயணம் பற்றிய சிறு புத்தகங்களையும் புகைப்படங்களையும் விற்றுச் செலவைச் சமாளித்தார்.