மயோட் தீவு யாருக்குச் சொந்தம்: பிரான்ஸுக்கா, கொமொரோஸுக்கா?

மயோட் யாருக்குச் சொந்தம், ஐக்கிய நாடுகள் சபை ஒன்று சொல்ல அங்குள்ள மக்கள் வேறொன்று சொல்வது ஏன், அங்கே போவதற்கு எந்த விசா வேண்டும் என்று மூன்று கேள்விகளைச் சேர்த்துக் கேட்டிருக்கிறீர்கள். முதல் கேள்விக்கு ஒரு வரி போதும்: ஆள்வது பிரான்ஸ், உரிமை கோருவது கொமொரோஸ். இரண்டாவது கேள்விக்குத்தான் நீண்ட பதில் தேவைப்படுகிறது. பிரான்ஸில் வசிப்பதால் இந்தத் தீவைப் பற்றிய செய்திகளைப் பல ஆண்டுகளாகப் பின்தொடர்ந்து வருகிறேன். இதைப் பற்றி எழுதுகிறவர்கள் பெரும்பாலும் பாரிஸிலிருந்தோ கொமொரோஸின் தலைநகரான மொரோனியிலிருந்தோ பார்த்து எழுதுகிறார்கள். மயோட் மக்கள் அஞ்சியது பாரிஸை விடத் தங்கள் அண்டைத் தீவுகளையே என்பதை மனத்தில் வைத்துக்கொண்டு படித்தால், புதிராகத் தெரியும் பல நிகழ்ச்சிகள் விளங்கும் என்பது என் கருத்து.

ஆப்பிரிக்காவின் கிழக்குக் கரைக்கும் மடகாஸ்கருக்கும் நடுவே, மொசாம்பிக் கால்வாயின் வட வாயிலில், கிராண்ட் கொமொர், மொஹேலி, ஆன்ஜுவான், மயோட் என நான்கு எரிமலைத் தீவுகள் வடமேற்கிலிருந்து தென்கிழக்காக அமைந்துள்ளன. முதல் மூன்றும் சேர்ந்ததுதான் இன்றைய கொமொரோஸ் நாடு. கிராண்ட் கொமொரில் கர்த்தாலா எரிமலை இன்றும் உயிருடன் இருக்கிறது. எதிர்முனையில் உள்ள மயோட்டோ மிகப் பழையது. லட்சக்கணக்கான ஆண்டுகளாகத் தேய்ந்தும் தாழ்ந்தும் வந்ததால், அதன் மிக உயரமான பெனாரா மலையே 660 மீட்டர்தான். நிலம் தாழ்ந்த இடத்தில் பவளப்பாறைகள் வளையமாக வளர்ந்து, நிலப்பரப்பை விடப் பல மடங்கு பெரிய காயலைத் தீவைச் சுற்றி உண்டாக்கியிருக்கின்றன. நிலப்பரப்பு மொத்தம் சுமார் 374 சதுர கிலோமீட்டர், அதாவது சென்னை மாநகராட்சியை விடச் சிறியது. அதுவும் ஒரே துண்டாக இல்லை. தலைநகரான மமூட்ஸு பெரிய தீவில் இருக்கிறது. விமான நிலையம் கிழக்கே உள்ள சிறிய தீவில் இருக்கிறது. இடையே பாலம் கிடையாது என்பதால் வேலைக்குப் போகிறவர்களும் விமானம் பிடிக்கிறவர்களும் ‘பார்ஜ்’ என்று அழைக்கப்படும் படகில்தான் கடக்கிறார்கள். பெரிய ஆறு எதுவும் இல்லாததால் குடிநீர் பெரும்பாலும் மழையையும் இரண்டு நீர்த்தேக்கங்களையும் நம்பியிருக்கிறது. 2023-இல் மழை பொய்த்தபோது, மூன்று நாளுக்கு ஒருமுறை மட்டுமே குழாயில் தண்ணீர் வந்த நிலை ஏற்பட்டது.

பழைய எரிமலை என்று சொன்னேன், ஆனால் அது முழுமையாக ஓய்ந்துவிடவில்லை. 2018 மே மாதம் தொடங்கித் தீவு மாதக்கணக்கில் அதிர்ந்துகொண்டிருந்தது. மக்கள் வீட்டுக்கு வெளியே படுத்து உறங்கினார்கள். மறு ஆண்டு ஆய்வுக் கப்பல் ஒன்று, கிழக்கே சுமார் 50 கிலோமீட்டர் தொலைவில், 3,500 மீட்டர் ஆழத்தில் 800 மீட்டருக்கும் மேல் உயர்ந்து நிற்கும் புதிய எரிமலையைக் கண்டுபிடித்தது. அதற்கு ஃபானி மவோரே என்று பெயர் வைத்திருக்கிறார்கள். தீவை உள்ளூரில் அழைக்கும் பெயரே மவோரே.

மக்களைப் பொறுத்தவரை, மயோட்டுக்கும் மற்ற மூன்று தீவுகளுக்கும் இடையே கூர்மையான கோடு எதுவும் கிடையாது. பெரும்பான்மையினர் பேசும் ஷிமவோரே, சுவாஹிலிக்கு நெருங்கிய பாண்டு மொழிகளில் ஒன்று. ஆன்ஜுவானில் பேசப்படும் மொழிக்கு அது மிக நெருக்கமானது. பத்துக்கு ஒன்பதுக்கும் மேற்பட்டோர் சுன்னி முஸ்லிம்கள். திருமணத்துக்குப் பின் கணவன் மனைவியின் வீட்டில் குடியேறுவதும், வீடு மகளின் பெயரில் இருப்பதும் தீவுக்கூட்டம் முழுவதும் காணப்படும் வழக்கம். மயோட்டை வேறுபடுத்துவது அதன் மடகாஸ்கர் தொடர்பு: சில ஊர்களில் இன்றும் கிபுஷி என்ற மலகாசி வட்டார மொழி பேசப்படுகிறது. பிரான்ஸுக்குத் தீவைக் கொடுத்த அந்திரியன்சூலியும் மடகாஸ்கரின் சகலாவா மன்னர் குலத்திலிருந்து தப்பி வந்தவர்தான். 1841-ஆம் ஆண்டு ஏப்ரல் 25 அன்று, ஆண்டுக்கு 1,000 பியாஸ்தர் உதவித்தொகைக்கும், பிள்ளைகள் இருவருக்கு இன்னொரு பிரெஞ்சுத் தீவான ரீயூனியனில் கல்வி அளிப்பதற்கும் ஈடாக அவர் தீவை ஒப்படைத்தார். வெளியிலிருந்து வந்த ஒருவர் எழுதிக் கொடுத்த ஒப்பந்தத்துக்கு என்ன மதிப்பு என்று கேட்பதில் நியாயம் இருக்கிறது. ஆனால் அக்காலத்தில் ஆன்ஜுவான், மொஹேலி, மடகாஸ்கர் ஆகிய திசைகளிலிருந்து வந்த படையெடுப்புகளால் மயோட்டின் மக்கள்தொகை பெருமளவு குறைந்திருந்தது என்பதையும் சேர்த்தே பார்க்க வேண்டும். மற்ற மூன்று தீவுகள் பிரெஞ்சுப் பாதுகாப்பின்கீழ் வந்தது 1886-இல். ‘உங்களுக்கு நாற்பத்தைந்து ஆண்டுகள் முன்பே நாங்கள் பிரான்ஸோடு சேர்ந்தோம்’ என்ற மயோட் மக்களின் வாதம் இந்த இடைவெளியில் பிறந்தது.

பிளவை அரசியலாக்கியது தலைநகர் மாற்றம். நான்கு தீவுகளுக்குமான பிரெஞ்சு நிர்வாகத் தலைமையகம் மயோட்டின் சிறு தீவில் உள்ள ட்ஸாவுட்ஸி பாறையில் இருந்து வந்தது. அதைக் கிராண்ட் கொமொரின் மொரோனிக்கு மாற்றத் தீவுக்கூட்டத்தின் சட்டமன்றம் 1958-இல் முடிவெடுத்தது. 1960-களில் அலுவலகங்கள் ஒவ்வொன்றாக இடம்பெயர்ந்தன. எழுத்தர்களும் வேலைக்காரர்களும் சிறு வியாபாரிகளும் பிழைப்பை இழந்தார்கள். கணவன்மார் வேலை தேடி மொரோனிக்குப் போய்விட, குடும்பத்தைச் சுமந்த பெண்கள் வீதிக்கு வந்தார்கள். சேனா ம்தெரே என்பவரின் தலைமையில் திரண்ட இந்தப் பெண்கள் கையாண்ட போராட்ட முறை உலக அரசியல் வரலாற்றில் எனக்குத் தெரிந்தவரை வேறெங்கும் இல்லாதது. மொரோனியிலிருந்து அமைச்சரோ அதிகாரியோ வந்து இறங்கினால், பெண்கள் கூட்டமாகச் சூழ்ந்துகொண்டு, அவர் தாங்க முடியாமல் திரும்பிப் போகும்வரை கிச்சுகிச்சு மூட்டுவார்கள். கொமொரோஸ் காவலர்களுக்கு அவர்களை அடிக்கவும் முடியவில்லை, அந்த அதிகாரி சிரித்துக்கொண்டே ஓடிவந்ததை வழக்காகப் பதியவும் முடியவில்லை. பிரெஞ்சில் அவர்களுக்கு ‘ஷத்துயூஸ்’, அதாவது கிச்சுகிச்சு மூட்டுகிறவர்கள், என்றே பெயர் நிலைத்தது. இதை வெறும் வேடிக்கையாகவும் நினைத்துவிட வேண்டாம். 1969-இல் மமூட்ஸு துறையில் நடந்த மோதலில் சாக்கியா மாதி என்ற போராளி உயிரிழந்தார். பிரான்ஸோடு இருக்க விரும்பியவர்களை ‘சொரொதா’ என்றும், கொமொரோஸோடு கைகோக்க விரும்பியவர்களை ‘செர்லமேன்’ என்றும் அழைத்தார்கள். பின்னவர்களில் பலர் 1970-களின் நடுவில் அடித்து விரட்டப்பட்டார்கள் என்பது இன்று தீவில் அதிகம் பேசப்படாத பக்கம்.

‘சுதந்திரமாக இருப்பதற்காகப் பிரெஞ்சுக்காரராக இருப்போம்’ என்பதே அக்காலத்து முழக்கம். காலனி ஆதிக்கத்துக்கு எதிராக ஆப்பிரிக்கா முழுவதும் எழுந்து நின்ற காலத்தில், ஆளும் நாட்டையே பிடித்துக்கொள்ளும் இந்த முழக்கத்தைப் பலரால் நம்ப முடியவில்லை. தூண்டுதல் என்றுதான் நினைத்தார்கள். பிரான்ஸிலும் தெளிவு இருக்கவில்லை. கொமொரோஸ் ஒரே அலகு, அதன் ஒரு தீவு மட்டும் வேறு நிலையில் இருக்க முடியாது என்ற பொருளில் 1974 அக்டோபரில் பேசியவர் அன்றைய பிரெஞ்சு அதிபர் ஜிஸ்கார் தெஸ்தேனேதான். இரண்டு மாதம் கழித்து, டிசம்பர் 22 அன்று நடந்த வாக்கெடுப்பில் நான்கு தீவுகளையும் சேர்த்து ஏறக்குறைய 95 சதவீதத்தினர் விடுதலையை ஆதரித்தார்கள். மயோட்டில் மட்டும் கிட்டத்தட்ட 64 சதவீதத்தினர் வேண்டாம் என்றார்கள். வாக்குகளை மொத்தமாக எண்ணுவதா, தீவு தீவாக எண்ணுவதா என்பதில்தான் இன்றுவரையிலான தகராறு முழுவதும் அடங்கியிருக்கிறது. பிரெஞ்சு நாடாளுமன்றம் தீவு தீவாக எண்ணும் பக்கம் சாய்ந்ததும், 1975 ஜூலை 6 அன்று கொமொரோஸ் தலைவர் அகமது அப்தல்லா ஒருதலையாக விடுதலையை அறிவித்தார். நவம்பரில் ஐ.நா. கொமொரோஸை நான்கு தீவுகள் கொண்ட நாடாக உறுப்பினராக்கியது. மயோட்டில் மறு வாக்கெடுப்பு நடத்த வேண்டாம் என்று கோரிய தீர்மானத்துக்குப் பாதுகாப்பு அவையில் 11 நாடுகள் ஆதரவளித்தன. 1976 பிப்ரவரி 6 அன்று பிரான்ஸ் வீட்டோ மூலம் அதைத் தடுத்தது. இரண்டு நாள் கழித்து நடந்த வாக்கெடுப்பில் 99 சதவீதத்துக்கும் மேற்பட்டோர் பிரான்ஸைத் தேர்ந்தெடுத்தார்கள்.

சட்டப்படி யார் சரி? காலனி நாடு விடுதலை பெறும்போது அதன் எல்லைகளைத் துண்டாடக் கூடாது என்பது 1960-ஆம் ஆண்டின் ஐ.நா. பிரகடனம் முதல் நிலைபெற்ற கோட்பாடு. இந்த அளவுகோலில் கொமொரோஸின் வாதம் வலுவானது; 1976 முதல் 1990-களின் நடுப்பகுதி வரை ஐ.நா. பொதுச்சபை பலமுறை அதையே தீர்மானமாக நிறைவேற்றியது. ஆப்பிரிக்க ஒன்றியமும் அந்த நிலைப்பாட்டில்தான் நிற்கிறது. பிரான்ஸ் முன்வைப்பது தன் அரசியலமைப்பின் 53-ஆம் பிரிவை: சம்பந்தப்பட்ட மக்களின் சம்மதமின்றி எந்த நிலத்தையும் விட்டுக்கொடுக்க முடியாது. மக்களின் சுயநிர்ணயம் என்ற சொல்லை இரு தரப்புமே பயன்படுத்துகின்றன; யார் அந்த ‘மக்கள்’ என்பதில்தான் பிரிகின்றன. என்னைக் கேட்டால், 1975-இல் கொமொரோஸின் சட்ட வாதம் பிரான்ஸின் வாதத்தை விட வலுவானது. ஆனால் அரை நூற்றாண்டாக வாய்ப்புக் கிடைத்தபோதெல்லாம் ஒரே பதிலைச் சொன்ன ஒரு மக்கள் கூட்டத்தை அந்த வாதத்தைக் காட்டி அவர்கள் விரும்பாத நாட்டோடு சேர்ப்பது எப்படி நியாயமாகும் என்று எனக்குப் புரியவில்லை. 2009 மார்ச்சில் முழு டிபார்ட்மென்ட் (பிரான்ஸின் மாவட்டம் போன்ற நிர்வாகப் பிரிவு) தகுதிக்கு 95 சதவீதத்தினர் வாக்களித்தார்கள். 2011 மார்ச் 31 அன்று மயோட் பிரான்ஸின் 101-ஆவது டிபார்ட்மென்ட் ஆனது. 2014 முதல் ஐரோப்பிய ஒன்றியத்தின் பகுதியாகவும் இருக்கிறது.

கொமொரோஸ் போன பாதையும் மயோட் மக்களின் அச்சத்தைக் கூட்டியது. விடுதலை அறிவித்த ஒரு மாதத்துக்குள்ளேயே முதல் ஆட்சிக் கவிழ்ப்பு நடந்தது. பின்னர் பாப் தெனார் என்ற பிரெஞ்சுக் கூலிப்படைத் தலைவர் அந்நாட்டு அரசியலைப் பல ஆண்டுகள் ஆட்டிப்படைத்தார் என்பதால் பிரான்ஸுக்கும் இதில் பங்கில்லை என்று சொல்லிவிட முடியாது. 1997-இல் ஆன்ஜுவான் பிரிந்து போக அறிவித்தபோது அங்கே பிரெஞ்சுக் கொடிகள் ஏற்றப்பட்டன; தங்களை மறுபடி சேர்த்துக்கொள்ளும்படி விடுத்த கோரிக்கையைப் பாரிஸ் ஏற்கவில்லை. ஆனாலும் கொமொரோஸின் கொடியில் இன்றும் நான்கு நட்சத்திரங்கள் இருக்கின்றன. 2015-இல் ரீயூனியனில் நடந்த இந்தியப் பெருங்கடல் விளையாட்டுப் போட்டிகளின் தொடக்க விழாவில் மயோட் வீரர்கள் பிரெஞ்சுக் கொடியோடு அணிவகுத்ததற்காகக் கொமொரோஸ் அணி போட்டியிலிருந்தே விலகியது.

வாக்கெடுப்புகளை விட அன்றாட வாழ்வை மாற்றியது 1995 ஜனவரியில் பிரெஞ்சுப் பிரதமர் பலதூரின் அரசு கொண்டுவந்த விசா கட்டுப்பாடு. அதுவரை ஆன்ஜுவானிலிருந்து மயோட்டுக்கு உறவினர் வீட்டுக்கும் சந்தைக்கும் தடையின்றி வந்து போனார்கள். அதன் பிறகு அதே 70 கிலோமீட்டர் கடலை இரவில், ‘குவாசா-குவாசா’ என்னும் சிறு மீன்பிடிப் படகுகளில் மறைந்து கடக்க வேண்டியதாயிற்று. 1995 முதல் 2012 வரை 7,000 முதல் 10,000 பேர் வரை இறந்திருக்கலாம் என்பது பிரெஞ்சு செனட் அறிக்கையொன்று தரும் மதிப்பீடு. கடலைக் கடந்தவர்கள் பலர் திரும்பிப் போகவில்லை. 2017 கணக்கெடுப்பில் மக்கள்தொகை 2,56,518. அதில் ஏறத்தாழ பாதிப் பேர் வெளிநாட்டவர், அவர்களிலும் மூன்றில் ஒருவர் மயோட்டிலேயே பிறந்தவர். ஒரே மொழி பேசி ஒரே பள்ளிவாசலில் தொழும் இரு பிரிவினரில் ஒருவரிடம் பிரெஞ்சு அடையாள அட்டை இருக்கிறது, மற்றவரிடம் இல்லை. 2024 டிசம்பர் 14 அன்று சிடோ புயல் தகரக் குடிசைகளை வாரிக்கொண்டு போனபோது, கைதாகிவிடுவோமோ என்ற பயத்தில் ஆவணமற்றவர்கள் பலர் புகலிடங்களுக்குப் போகவில்லை.

உரிமை உள்ளவர்களின் நிலையும் பிரான்ஸின் மற்றப் பகுதிகளைப் போன்றதல்ல. பிரான்ஸின் பொதுவான வறுமைக்கோட்டை வைத்துப் பார்த்தால் தீவில் நான்கில் மூன்று பேர் அதற்குக் கீழே இருக்கிறார்கள். குறைந்தபட்ச ஊதியமும் சமூக உதவிகளும் பிரான்ஸின் மற்றப் பகுதிகளை விடக் குறைவாகவே இருந்து வந்திருக்கின்றன. ஆனால் இந்த ஏமாற்றம் கொமொரோஸ் பக்கம் சாய்வதாகத் தெரியவில்லை. ‘இன்னும் முழுமையாகப் பிரான்ஸாக்குங்கள்’ என்ற கோரிக்கையாகவே அது வெளிப்படுகிறது. அந்தஸ்து மாறும் என்று நான் எதிர்பார்க்கவில்லை. கொமொரோஸ் கோரிக்கையைக் கைவிடும் என்றும் எதிர்பார்க்கவில்லை.

இனி விசா. மயோட் ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் இருந்தாலும், யூரோ புழங்கினாலும், ஷெங்கன் பகுதிக்குள், அதாவது ஒரே விசாவில் சுற்றிவரக்கூடிய ஐரோப்பிய நாடுகளின் பகுதிக்குள், சேராது. சாதாரண ஷெங்கன் விசா அங்கே செல்லாது. பிரெஞ்சுத் தூதரகத்தில் விண்ணப்பிக்கும்போதே மயோட்டுக்கென்று தனியாகக் கேட்டுப் பெற வேண்டும். இந்த வேலி உள்ளிருப்பவர்களுக்கும் உண்டு: மயோட்டில் வழங்கப்படும் வசிப்பு அனுமதியை வைத்துக்கொண்டு, பொதுவாக இன்னொரு அனுமதி இல்லாமல், ரீயூனியனுக்கோ பாரிஸுக்கோ விமானம் ஏற முடியாது. 2025 ஆகஸ்டில் அமலுக்கு வந்த மயோட் சட்டம் இந்தக் கட்டுப்பாட்டை 2030-இல் நீக்குவதாகச் சொல்கிறது.