கேளுங்க சொல்றேன்: டெல்லி கணேஷ் ஸ்பெஷல்

கேள்வி: டெல்லி கணேஷ் நிஜமாவே டெல்லிக்காரரா சார்? (தேனி வாசகர்)

அட, பக்கா தூத்துக்குடி ஜில்லாங்க, வல்லநாடு. 1964ல ஏர் ஃபோர்ஸ்ல சேர்ந்து பத்து வருஷம் இருந்தாரு, அப்படியே டெல்லில தட்சிண பாரத நாடக சபால நடிச்சிட்டிருந்தாரு, அப்புறம் அரசாங்க உத்தியோகத்தை விட்டுட்டு மெட்ராஸ்ல காத்தாடி ராமமூர்த்தி நாடகக் குரூப்புக்கு வந்துட்டாரு (வீட்ல என்ன சொல்லியிருப்பாங்கன்னு யோசிச்சுப் பாருங்க). விசுவோட 'பட்டினப்பிரவேசம்' நாடகத்தை பாலசந்தர் படமா எடுத்தப்போ (1977ல வந்துச்சு) இவரை அறிமுகப்படுத்தினாரு, அந்த டெல்லியும் அப்போ அவர் சேர்த்ததுதான்.

கேள்வி: 400 படத்துக்கு மேல நடிச்சும் ஹீரோவா நிக்கலையே, வருத்தம் இருந்திருக்காதா? (கும்பகோணம் வாசகி)

ஹீரோவாவும் நடிச்சாரும்மா, 'எங்கம்மா மகாராணி'ன்னு ஒண்ணு வந்துச்சு. ஆனா எனக்கென்னவோ, ஹீரோவா செட்டில் ஆகாததுல நமக்குத்தான் லாபம். 'பசி'ல ஷோபாவுக்கு அப்பாவா ரிக்‌ஷா இழுத்தவரு, அதே ஆளு 'அபூர்வ சகோதரர்கள்'ல வில்லன் கூட்டத்துல ஒருத்தன், அடுத்த வருஷமே 'மைக்கேல் மதன காமராஜன்'ல பாலக்காட்டு சமையல்காரர் மணி ஐயர்! வல்லநாட்டுக்காரரு அந்தப் பாலக்காட்டுத் தமிழை இழுத்துப் பேசறதை, கண்ணை மூடிட்டு ஒருவாட்டி கேட்டுப் பாருங்க. '47 நாட்கள்'ல சிரஞ்சீவிக்குத் தமிழ்க் குரல் குடுத்ததும் இவர்தான், நிறைய பேருக்குத் தெரியாது.

ஆனா என்னைக் கேட்டா ஒரே ஒரு சீனைத்தான் சொல்லுவேன். 'சிந்து பைரவி' (1985), மிருதங்க வித்வான் குருமூர்த்தி. கச்சேரிக்குக் குடிச்சிட்டு வந்துட்டாருன்னு பாடகர் ஜேகேபி (சிவகுமார்) அவரை ஒதுக்கிட்டு மிருதங்கமே இல்லாம பாட ஆரம்பிச்சிடுவாரு. பாடறது சிவகுமார், கேமராவும் அவரைச் சுத்தித்தான், ஆனா எனக்கு மட்டும் அந்த சீன் பூரா 'ஐயோ, குருமூர்த்தி என்ன ஆனாரு'ன்னே ஓடும். நாடகத்துல அடுத்தவன் வசனம் பேசறப்போ சும்மா நிக்கவும் தெரியணும்பாங்க, பல பேரு அங்கதான் கோட்டை விடுவாங்க. இவரு நிக்கறதைப் பாக்கறதுக்கே டிக்கெட் எடுக்கலாம்.

கேள்வி: எந்த அவார்டும் கிடைக்கலையா? (சேலம் வாசகர்)

'பசி'க்கு மாநில அரசு விருது, 1994ல கலைமாமணி. நேஷனல் அவார்ட் இல்லை, அதுல எனக்கு இன்னும் கோவம்தான்.

கேள்வி: கடைசி வரைக்கும் நடிச்சாரா?

ஆமாங்க, 'இந்தியன் 2'லகூட இருந்தாரே. அது வந்த அதே 2024ல, நவம்பர் 9 அன்னிக்குப் போயிட்டாரு, 80 வயசு. அஞ்சலி செலுத்த சினிமாக்காரங்க வரிசையா வந்தாங்க, நடுவுல யூனிஃபார்ம்ல ஏர் ஃபோர்ஸ்காரங்களும் வந்து மரியாதை பண்ணிட்டுப் போனாங்க. அவங்களை விட்டு வந்து அம்பது வருஷம் ஆகியிருந்துச்சு.