அடுத்த வீட்டுப் பையன் எந்த மேத்ஸில் இருக்கிறான்?

பிப்ரவரி, மார்ச் வந்தால் அமெரிக்காவில் பிள்ளை படிக்கிற உங்கள் வீட்டுக்கு அடுத்த வருஷத்துக்கான கோர்ஸ் ஃபாரம் வரும், பிள்ளையை எந்த லெவல் மேத்ஸில் போடுவது என்று எனக்குக் கடிதங்கள் வரும். இந்த முறை முப்பதுக்கு மேல் சேர்ந்துவிட்டன. பாதிக்கு மேல் ஒரே கேள்விதான், ஊர்தான் வேறு. ஆகவே பொறுக்கி எடுத்துப் பதில் சொல்கிறேன். பெயர்களை எடுத்துவிட்டேன், சில பேருக்கு அது நல்லதும்கூட.

என் மகனை எந்த லெவல் மேத்ஸில் போடலாம்? அவசரம், உடனே பதில் தேவை.

எந்த கிரேடு? எந்த மாநிலம்? இப்போது என்ன கோர்ஸ்? ஒன்றுமே எழுதவில்லை. டாக்டருக்கு போன் போட்டு "வலிக்கிறது, மாத்திரை சொல்லுங்கள்" என்று கேட்பது போல இருக்கிறது. அமெரிக்காவில் சுமார் 13,000 ஸ்கூல் டிஸ்ட்ரிக்ட் (அந்தந்த வட்டாரப் பள்ளிகளை நடத்தும் நிர்வாகம்) இருக்கின்றன, ஒவ்வொன்றும் தன் இஷ்டத்துக்குப் பெயர் வைக்கும். ஒரு இடத்தில் 'ஆனர்ஸ் 7' என்றால் அதே மேத்ஸ் 7தான், கணக்குகள் கொஞ்சம் கடினம், அவ்வளவுதான். பக்கத்து டிஸ்ட்ரிக்டில் அதே பெயருக்கு ஏழாவது முழுக்க, எட்டாவதில் பாதி என்று அர்த்தம். கோர்ஸின் பெயரைக் கேட்காதீர்கள், எந்தெந்தப் பாடம் நடத்துகிறார்கள் என்று கேளுங்கள். இதைப் பல தடவை சொல்லியாயிற்று, இனியும் சொல்வேன்.

மகள் ஐந்தாம் கிரேடு. அவளை ஆறாவதில் அட்வான்ஸ்டு மேத்ஸில் சேர்த்துவிட்டதாகப் பள்ளியிலிருந்து கடிதம் வந்திருக்கிறது. நாங்கள் விண்ணப்பிக்கவே இல்லை. தவறுதலாக வந்திருக்குமோ? (டாலஸ் பக்கம் ஒரு அம்மா)

தவறு இல்லை அம்மா, அது சட்டம். டெக்சாஸில் 2023இல் செனட் மசோதா 2124 நிறைவேறியது. ஐந்தாம் கிரேடு மாநிலத் தேர்விலோ டிஸ்ட்ரிக்டின் அதற்கு ஈடான அளவுகோலிலோ மேலே உள்ள 40 சதவீதத்துக்குள் வரும் பிள்ளைகளைப் பள்ளியே அட்வான்ஸ்டு மேத்ஸில் சேர்க்க வேண்டும், பெரும்பாலானவர்கள் ஒன்பதாவதில் எடுக்கும் அல்ஜீப்ரா 1 கோர்ஸை எட்டாவதிலேயே அவர்கள் எடுக்க வழி இருக்க வேண்டும். வேண்டாம் என்றால் பெற்றோர் எழுதிக் கொடுத்து விலகலாம். முன்பெல்லாம் யாருடைய அப்பா போய்க் கேட்டாரோ அந்தப் பிள்ளைக்குத்தான் இடம் கிடைத்தது, கேட்கத் தெரியாத வீட்டுப் பிள்ளைகள் நன்றாகப் படித்தும் கீழேயே நின்றார்கள். என்னைக் கேட்டால் நல்ல சட்டம். சேருங்கள். பின்னக் கணக்கை மட்டும் சம்மரில் ஒரு தடவை தட்டிப் பாருங்கள்.

பள்ளியில் வருஷத்துக்குச் சில தடவை வைக்கும் மேப் டெஸ்ட்டில் செப்டம்பரில் 233 எடுத்தவன் ஜனவரியில் 231. குறைந்துவிட்டதே, ட்யூஷன் வைக்கலாமா?

அந்த எண்ணிலேயே மூன்று புள்ளி முன்னே பின்னே பிழை உண்டு. 233ம் 231ம் ஒன்றுதான். ட்யூஷன் வேண்டாம், டெஸ்ட் அன்று காலை ஒழுங்காகச் சாப்பிட்டானா என்று பாருங்கள்.

மகன் ஆறாவது, சாதாரண மேத்ஸ் 6, ஏ கிரேடு. பக்கத்து வீட்டுப் பையன் ஏழாவதிலேயே அல்ஜீப்ரா 1 எடுக்கிறான். சம்மரில் ஆறே வாரத்தில் மேத்ஸ் 7, மேத்ஸ் 8 இரண்டையும் முடித்துத் தருகிறோம் என்று ஒரு கோச்சிங் சென்டரில் சொல்கிறார்கள். சேர்க்கலாமா? (நியூ ஜெர்சி, ஒரு அப்பா)

வேண்டாம் ஐயா. ஏன் என்று நீளமாகச் சொல்கிறேன், ஏனென்றால் வருஷா வருஷம் இதே கடிதம் வருகிறது, வருஷா வருஷம் எனக்கு இதே எரிச்சல்.

முதலில் மணிக்கணக்கைப் பார்ப்போம். பள்ளி வருஷம் சுமார் 180 நாள், பீரியட் முக்கால் மணி நேரம், ஆக ஒரு கோர்ஸுக்கு 135 மணி நேரம், இரண்டுக்கு 270. சென்டரில் ஆறு வாரம், வாரத்துக்கு நாலு நாள், நாளைக்கு இரண்டு மணி என்று வைத்தால் 48 வருகிறது. மீதி 220 மணி நேரம் எங்கே போயிற்று? என் பையன் கெட்டிக்காரன், பாதி நேரம் போதும் என்பீர்கள். சரி, பாதி என்றே வைத்துக்கொள்வோம், அப்போதும் 135. கணக்கு உதைக்கிறதே.

விட்டுப்போகிற பாடம் லேசுப்பட்டதும் இல்லை. ஏழாவதில்தான் மைனஸ் எண்களைக் கூட்டிக் கழித்துப் பெருக்க, விகிதத்தையும் சதவீதத்தையும் கையாளக் கற்கிறார்கள். எட்டாவதில் ஸ்லோப் (கோட்டின் சாய்வு), இரண்டு சமன்பாட்டைச் சேர்த்துத் தீர்ப்பது, ஃபங்க்‌ஷன், அடுக்குக்குறி விதிகள், பித்தாகரஸ். 2010இல் பல மாநிலங்களுக்குப் பொதுவான பாடத்திட்ட வரையறையாகக் காமன் கோர் வந்தபோது பழைய அல்ஜீப்ரா 1இன் முன்பாதியில் இருந்த பலவற்றைத் தூக்கி எட்டாவதில் வைத்தார்கள். நியூ ஜெர்சியின் பாடத்திட்டமும் அந்த வழியில் வந்ததுதான். ஆனால் எட்டாவது என்றால் சும்மா ரிவிஷன் வருஷம், தாண்டிப் போகலாம் என்ற பழைய பேச்சு மட்டும் இன்னும் நம் வாட்ஸப் குழுக்களில் ஓடிக்கொண்டிருக்கிறது.

தாண்டிப் போனவன் உடனே விழமாட்டான் என்பதுதான் இதில் பெரிய தொல்லை. அல்ஜீப்ரா 1இல் ஏ வாங்கிவிடுவான், நீங்கள் கோயிலில் அர்ச்சனை செய்துவிட்டு எனக்கும் ஒரு மெயில் போடுவீர்கள், "நீங்கள் சொன்னது தப்பு" என்று. (போன வருஷம் அப்படி இரண்டு வந்தன.) அப்புறம் ஜியாமெட்ரி, அதிலும் எப்படியோ ஒப்பேற்றிவிடுவான். ஒன்பதாவதில் அல்ஜீப்ரா 2 வரும்போது ஒரு நாள் 1-இன் கீழ் எக்ஸ், அதோடு 1-இன் கீழ் எக்ஸ் பிளஸ் 2, இரண்டையும் கூட்டு என்று போடுவார்கள். பையன் மேலே 2, கீழே 2 எக்ஸ் பிளஸ் 2 என்று எழுதிவிட்டு நிம்மதியாக அடுத்த கணக்குக்குப் போவான். அது 1/3 + 1/5க்கு 2/8 என்று எழுதுகிற அதே தப்பு, வேஷம் மாற்றிக்கொண்டு வந்திருக்கிறது. ஐந்தாவதில் அரைகுறையாய் விட்ட பின்னம் நாலு வருஷம் பதுங்கியிருந்து பிடிக்கிறது. அதற்குள் அந்த கிரேடு காலேஜ் பார்க்கிற ட்ரான்ஸ்கிரிப்டில், அதாவது மார்க் பதிவில், ஏறிவிடும்.

பல வருஷம் எங்கள் பள்ளியில், டெஸ்ட் வைத்து யாருக்கு எந்த மேத்ஸ் என்று முடிவு செய்கிற ப்ளேஸ்மெண்ட் கமிட்டியில் இருந்தேன். ஒரு வருஷம் எங்கள் டெஸ்ட் கேள்விகளையே எண்களை மட்டும் மாற்றி ஒரு சென்டரில் அச்சடித்துப் பயிற்சி கொடுத்தார்கள். அந்த வருஷம் கூட்டம் கூட்டமாகப் பாஸ். அக்டோபரில் கூட்டம் கூட்டமாக மதிய இடைவேளையில் என் அறை வாசலில் நின்றார்கள், பாவம், அதில் பாதிப் பேருக்கு மைனஸ் 3லிருந்து மைனஸ் 5ஐக் கழிக்கத் தெரியவில்லை. யார் பணம் வாங்கினார், யார் அழுதார் என்று யோசியுங்கள்.

சரி, உங்கள் பையன் உண்மையிலேயே தயாரா என்று எப்படித் தெரிந்துகொள்வது? சென்டருக்குப் பணம் கட்டுவதற்கு முன் சமையலறை மேஜையில் மூன்று கேள்வி கேளுங்கள், கால்குலேட்டர் இல்லாமல். 3/4 கழித்தல் 5/6 எவ்வளவு? இருபது சதவீதத் தள்ளுபடி போக ஒரு சட்டை 48 டாலர், முதலில் என்ன விலை? 2/3ஐ 1/2ஆல் வகுக்க வேண்டியிருக்கிற மாதிரி ஒரு கதை சொல். முதலாவதுக்கு மைனஸ் 1/12 வர வேண்டும். இரண்டாவதுக்கு 57.60 என்றால் சதவீதம் புரியவில்லை, 60 என்றால் புரிந்திருக்கிறது. மூன்றாவதில் தலைகீழாக்கிப் பெருக்குவான், கதை வராது. கதை வந்தால் எனக்கு எழுதுங்கள், அவனைப் பற்றி வேறு மாதிரிப் பேசலாம்.

இன்னொன்று. ஏழாவதில் அல்ஜீப்ரா 1 என்றால் எட்டாவதில் ஜியாமெட்ரி. உங்கள் மிடில் ஸ்கூலில் அதை நடத்துகிறார்களா, இல்லை காலையில் ஹைஸ்கூலுக்குப் போய்த் திரும்ப வேண்டுமா? பதினொன்றாவதில் ஏபி கால்குலஸ் பிசி (ஹைஸ்கூலிலேயே எடுக்கும் காலேஜ் மட்டக் கால்குலஸ்) முடித்துவிட்டால் பன்னிரண்டாவதில் உங்கள் ஹைஸ்கூலில் என்ன இருக்கிறது? கேட்டீர்களா? எட்டாவதில் அல்ஜீப்ரா 1 எடுத்தாலே பன்னிரண்டாவதில் கால்குலஸ் வந்துவிடும். ஒன்பதாவதில் எடுத்தால்கூட, நடுவில் ஒரு வருஷம் ஜியாமெட்ரியையும் அல்ஜீப்ரா 2வையும் சேர்த்து எடுத்துப் போய்ச் சேருகிறவர்கள் உண்டு. பக்கத்து வீட்டுப் பையனுக்கு என்ன ஆயிற்று என்பதை அவன் பத்தாவது படிக்கும்போது அவன் அம்மாவிடம் கேளுங்கள், இப்போது வேண்டாம்.

ஏஎம்சி 8 கணிதப் போட்டியில் 25க்கு 15. இதைக் காட்டி மேல் கோர்ஸ் கேட்கலாமா?

நல்ல மார்க், பையனுக்கு என் பாராட்டு. பெரும்பாலான டிஸ்ட்ரிக்ட்கள் அதைக் கணக்கில் எடுப்பதில்லை, ஆனாலும் மெயிலோடு சேர்த்து அனுப்புவதில் நஷ்டம் ஒன்றும் இல்லை.

மகள் மூன்றாம் கிரேடு. இப்போதே அல்ஜீப்ரா ஆரம்பித்தால்தானே நல்லது?

முதலில் பால் பல் எல்லாம் விழுந்து முளைக்கட்டும். வாய்ப்பாடு, அப்புறம் பின்னம்.

சென்னையிலிருந்து ஜூனில் வருகிறோம். மகன் சிபிஎஸ்இயில் ஏழாவது முடித்தவன், வகுப்பில் முதல் மூன்றுக்குள் வருவான். எங்கள் ஊர்ப் பாடம் கடினம் என்பதால் நேரே அல்ஜீப்ரா 1 கேட்கலாம் என்று நண்பர்கள் சொல்கிறார்கள்.

நண்பர்கள் பாதி சரி. நம் ஊரில் அல்ஜீப்ராவும் ஜியாமெட்ரியும் ஒரே புத்தகத்தில் ஒவ்வொரு வருஷமும் கொஞ்சம் கொஞ்சமாக வரும், இங்கே அல்ஜீப்ராவுக்கு ஒரு வருஷம், ஜியாமெட்ரிக்கு ஒரு வருஷம் என்று வெட்டி வைத்திருக்கிறார்கள். அதனால் எது எளிது எது கடினம் என்று நேருக்கு நேர் ஒப்பிட முடியாது, எது எந்த வருஷம் வருகிறது என்றுதான் பார்க்க வேண்டும். நம் எட்டாவதில் வரும் முற்றொருமைகளும் காரணிப்படுத்தலும் இங்கே அல்ஜீப்ரா 1இல் வருகின்றன. இங்கே எட்டாவதில் சர்வசாதாரணமாக நடத்தும் ஸ்லோப், தமிழ்நாடு மாநிலப் பாடத்தில் பத்தாவதில்தான் 'சாய்வு' என்று வருகிறது, சிபிஎஸ்இயில் பதினொன்றாவதில். உங்கள் பையனுக்கு மனக்கணக்கு மின்னலாக இருக்கும், ஸ்லோப் என்றால் முழிப்பான், அது அவன் குற்றமில்லை. வருவதற்கு முன் ஒரு மாதம் கான் அகாடமியில் எட்டாம் கிரேடு கிராஃப் பாடங்களை மட்டும் பார்க்கச் சொல்லுங்கள், இலவசம்தான். ஏழாவது, எட்டாவது பாடப்புத்தகப் பொருளடக்கத்தை போட்டோ எடுத்து வையுங்கள், இங்கே பள்ளியில் கோர்ஸ் தேர்வுக்கு வழிகாட்டும் கவுன்சிலரிடம் மார்க் ஷீட்டைவிட அதுதான் பேசும். டெஸ்ட் கொடுத்தால் எழுதட்டும்.

நான் ஏழாவது படிக்கிறேன். ஆக்சிலரேட்டட் கிளாஸ். முதல் செமஸ்டரில் சி. சார் ரெகுலருக்கு மாறலாம் என்கிறார். அப்பா, மானம் போய்விடும் என்கிறார். நான் என்ன செய்வது?

கண்ணா, உன் கடிதம்தான் இந்த முறை வந்ததில் தெளிவானது. கிரேடு, கோர்ஸ், மார்க் எல்லாம் எழுதியிருக்கிறாய், பெரியவர்கள் உன்னிடம் கற்றுக்கொள்ளலாம். சி வந்த டெஸ்ட்களை எடுத்துக்கொண்டு சாரிடம் போய் ஒரு கேள்வி கேள்: "எனக்குப் பாடம் புரியவில்லையா, வேகம் ஒத்துவரவில்லையா?" வேகம்தான் பிரச்சினை என்றால் மாறிவிடு, எட்டாவதில் மேத்ஸ் 8, ஒன்பதாவதில் அல்ஜீப்ரா 1, அது தோல்வியே இல்லை, இந்த நாட்டில் பெரும்பாலான பிள்ளைகள் அப்படித்தான் போகிறார்கள். ஒன்றிரண்டு பாடம்தான் பிரச்சினை என்றால் (பின்னமாகத்தான் இருக்கும்) மூன்று வாரம் டைம் கேள். இந்தப் பதிலை அப்பாவிடம் காட்டு. ஐயா, நீங்கள் படிக்கிறீர்கள் என்று தெரியும். எட்டாவதில் பையன் எந்த மேத்ஸில் இருந்தான் என்று முப்பது வயதில் அவனை யாரும் கேட்கப்போவதில்லை, ஆனால் அப்பா என்ன சொன்னார் என்பது அவனுக்கு ஞாபகம் இருக்கும்.

எட்டாவதில் அல்ஜீப்ரா 1இல் பி வந்தால் காலேஜ் அட்மிஷன் பாதிக்குமா?

இடத்தைப் பொறுத்தது. கலிஃபோர்னியாவில் யூசி (யூனிவர்சிட்டி ஆஃப் கலிஃபோர்னியா) வளாகங்கள், மிடில் ஸ்கூலில் எடுத்த அல்ஜீப்ராவை மேத்ஸ் தேவைக்குக் கணக்கில் எடுக்கும், ஜிபிஏ என்கிற சராசரி மார்க்கில் சேர்க்காது. விர்ஜினியாவில் அது ஹைஸ்கூல் ட்ரான்ஸ்கிரிப்டிலேயே ஏறும், ஆனால் பெற்றோர் எழுதிக் கேட்டால் எடுத்துவிடலாம், அதற்குக் கடைசித் தேதி எது என்று பள்ளியில் கேளுங்கள். மற்ற மாநிலத்துக்காரர்கள் உங்கள் டிஸ்ட்ரிக்டின் கோர்ஸ் கேட்டலாகை ஒரு தடவையாவது திறந்து படியுங்கள்.

மகளுக்கு டெஸ்ட் மார்க் இருக்கிறது, ஆனால் ஒன்பதாவதுக்குப் பழைய கோர்ஸையே திரும்ப எடுக்கச் சொல்கிறார்கள். டீச்சர் சிபாரிசு செய்யவில்லையாம். (கலிஃபோர்னியா)

இதற்குச் சட்டம் இருக்கிறது. 2015இல் வந்த மேத்ஸ் ப்ளேஸ்மெண்ட் சட்டப்படி ஒன்பதாவதில் நுழையும் பிள்ளைகளுக்கு எழுதிவைத்த கொள்கை இருக்க வேண்டும், அளவுகோல் ஒன்றுக்கு மேல் இருக்க வேண்டும், பள்ளி திறந்த முதல் மாதத்துக்குள் ஒரு தடவை சரிபார்க்க வேண்டும், பெற்றோர் ஆட்சேபிக்க வழியும் இருக்க வேண்டும். அந்தக் கொள்கையின் நகலை எழுத்தில் கேளுங்கள். சண்டை போடாதீர்கள், நகல் கேளுங்கள். நகல் கேட்கிற பெற்றோரிடம் பேச்சின் தொனியே மாறிவிடும். ஆறாவது, ஏழாவதுக்கு இந்தச் சட்டம் பொருந்தாது, அதை எனக்கு எழுதிக் கேட்க வேண்டாம்.

கோர்ஸ் ஃபாரம் கொடுக்க வேண்டிய கடைசி நாள் நேற்றோடு முடிந்துவிட்டது. என்ன செய்யலாம்?

கவுன்சிலருக்கு மெயில் போடுங்கள். எனக்கு இரண்டு பக்கம் எழுதிய நேரத்தில் அதைச் செய்திருக்கலாம்.