சோஃபாவை என்ன செய்வது?

கேள்வி: பெரம்பூரில் ஒரு பழைய வீட்டின் தரைத்தளத்தில் வாடகைக்கு இருக்கிறோம். ஒரு படுக்கையறை, சமையலறை, ஹால். மொத்தம் 380 சதுர அடி, வாடகை 14,000 ரூபாய். ஹால் மட்டும் 11-க்கு 10 அடி. நான், கணவர், பத்தாம் வகுப்பு படிக்கும் மகள், நான்காம் வகுப்பு மகன், மாமியார் என ஐந்து பேர். மாமியாரும் மகளும் ஹாலில்தான் படுக்கிறார்கள். என் கல்யாணத்துக்கு அண்ணன் சீராகக் கொடுத்த சோஃபா செட் (பெரியது ஒன்று, ஒற்றை இரண்டு), டீப்பாய், டிவி ஸ்டாண்டு, பீரோ, இன்வெர்ட்டர், மாமியாரின் மடக்குக் கட்டில், கொலு பொம்மைகள் நான்கு பெட்டி, இரும்புக் கொலுப்படி எல்லாமே இந்த ஹாலில்தான். பரண் இருக்கிறது, அதுவும் நிரம்பி வழிகிறது. சோஃபா மேல் எப்போதும் துணி. யாராவது வந்தால் அதை அள்ளிக்கொண்டு உள்ளே ஓட வேண்டியிருக்கிறது. கணவர் 32,000 ரூபாயில் ஒரு சுவர் முழுக்க நிற்கிற ஷெல்ஃப் பார்த்து வைத்திருக்கிறார். வீட்டுக்காரர் சுவரில் ஆணியே அடிக்கக் கூடாது என்கிறார். அந்த ஷெல்ஃபை வாங்கலாமா? இன்வெர்ட்டரைப் பார்க்கவே அசிங்கமாக இருக்கிறது, ஓர் அலமாரிக்குள் வைத்து மூடிவிடலாமா? செருப்புகளை எங்கே வைப்பது என்றும் தெரியவில்லை. மிக்ஜாம் புயலின்போது வீட்டுக்குள் கணுக்கால் அளவுக்குத் தண்ணீர் வந்தது.

– பெயர் வேண்டாம் என்ற வாசகி, பெரம்பூர்

பதில்:

அன்புச் சகோதரிக்கு,

இன்வெர்ட்டர் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். மூடாதீர்கள். இன்வெர்ட்டருக்கு வைக்கிற தண்ணீர் ஊற்றும் பேட்டரி சார்ஜ் ஆகும்போது ஹைட்ரஜன் வாயு வெளியேறும். அது தீப்பற்றக்கூடியது. காற்றோட்டம் இல்லாத அலமாரிக்குள் அது தேங்கக் கூடாது. டிஸ்டில்டு வாட்டர் ஊற்றவும் கை போக வேண்டும். சக்கரம் வைத்த டிராலி ஸ்டாண்டில் ஏற்றி, ஜன்னல் பக்க மூலைக்குத் தள்ளிவிடுங்கள். அசிங்கமாகத்தான் இருக்கும், இருந்துவிட்டுப் போகட்டும்.

சரி, இப்போது ஹால். கடிதத்தோடு நோட்டுத் தாளில் படம் போட்டு அளவெல்லாம் எழுதி அனுப்பியிருந்தீர்கள், அதனால் எனக்கு வேலை சுலபமாகிவிட்டது. உட்கார்ந்து கூட்டிப் பார்த்தேன். உங்கள் ஹால் 110 சதுர அடி. பெரிய சோஃபா ஆறரை அடி நீளம், இரண்டே முக்கால் அடி ஆழம், அதற்கே 18 சதுர அடி. ஒற்றை சோஃபா இரண்டும் சேர்ந்து 16. டீப்பாய் நாலரை, பீரோ நாலரை, டிவி ஸ்டாண்டு 6. பகலிலேயே 49 சதுர அடி போய்விட்டது. ராத்திரி மாமியாரின் கட்டிலை விரித்தால் இன்னும் 15, மகளுக்குப் பாய் போட்டால் இன்னொரு 15. ஆக 79. மிச்சமுள்ள 31 சதுர அடியில்தான் வாசல் கதவும் திறக்க வேண்டும், ராத்திரி பாத்ரூமுக்கு எழுந்து போகிற பெரியவரும் நடக்க வேண்டும். அந்த 31-ம் ஒரே இடத்தில் இல்லை, துண்டு துண்டாகக் கிடக்கிறது.

இன்னொரு கணக்கும் போட்டேன், கோபித்துக்கொள்ளாதீர்கள். 380 சதுர அடிக்கு 14,000 என்றால் ஒரு சதுர அடிக்கு மாதம் சுமார் 37 ரூபாய். சோஃபா செட் நிற்கிற 34 சதுர அடிக்கு நீங்கள் மாதாமாதம் 1,250 ரூபாய் வாடகை கட்டுகிறீர்கள். துவைத்த துணி படுத்திருப்பதற்கு!

நான் வளர்ந்தது திருவல்லிக்கேணியில் ஓர் ஒண்டுக்குடித்தனத்தில். எட்டுப் பேருக்கு ஓர் அறை, ஒரு ரேழித் துண்டு. அந்தக் காலம் இனித்தது என்றெல்லாம் சொல்ல மாட்டேன், ஒற்றைக் குழாயடியில் நடந்த சண்டைகள் இன்னும் காதில் கேட்கின்றன. ஆனால் அந்த அறையில் பகல் முழுக்க நின்றுகொண்டே இருந்த சாமான் மிகக் குறைவு. பாய் காலையில் சுருண்டுவிடும். டிரங்குப் பெட்டிதான் பெஞ்சு, அதுவே பாட்டிக்கு பீரோ. ஓர் அறை ராத்திரி படுக்கையறை, காலையில் சாப்பாட்டுக்கூடம், சாயங்காலம் பள்ளிக்கூடம். உங்கள் ஹாலும் அதே வேலையைத்தான் செய்கிறது. நடுவில் சோஃபா வந்து, இது எந்நேரமும் விருந்தாளிகளுக்கான அறை என்று சொல்லிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறது. உங்கள் வீட்டுக்கு மாதம் எத்தனை பேர் வருகிறார்கள்?

பெரிய சோஃபாவும் ஒற்றை சோஃபா ஒன்றும் வெளியே போகட்டும். அண்ணன் கொடுத்த சீர், மனசு கேட்காது, தெரியும். அதனால் விற்பதற்கு முன்னால் அண்ணனிடமே ஒரு வார்த்தை கேளுங்கள். "உனக்கோ அம்மா வீட்டுக்கோ வேண்டுமா?" என்று நீங்களே கேட்டுவிட்டால், பின்னால் வேறு யார் வாயிலாகவோ கேள்விப்பட்டு வருகிற வருத்தம் இருக்காது. இன்னொரு ஒற்றை சோஃபா ஹாலிலேயே இருக்கட்டும். அது மாமியாருக்கு. வயதானவர்களுக்குக் கைப்பிடி உள்ள இருக்கைதான் நல்லது, ஊன்றி எழுந்துகொள்வார்கள். டீப்பாயும் போகலாம். ஒரு ஸ்டூல் போதும்.

பெரிய சோஃபா நின்ற சுவரோரம் ஆறடிக்கு இரண்டரை அடியில் ஒரு கட்டில் போடுங்கள். பகலில் மூன்று பேர் உட்காரலாம், ராத்திரி மாமியார் படுக்கலாம். தினமும் மடக்குக் கட்டிலை இழுத்து விரிக்கிற வேலையும் மிச்சம். கடைக்குப் போனால் அடியில் பெட்டி வைத்த திவான்தான் காட்டுவார்கள். பார்க்க ஆசையாக இருக்கும். உங்களுக்கு அது வேண்டாம். மெத்தையைத் தூக்கி, பலகையைத் தூக்கி உள்ளே கை விட வேண்டும். அதில் தை மாதம் போட்டதை ஆடி மாதம்தான் பார்ப்பீர்கள். அதைவிட முக்கியம், உங்கள் வீடு தரைத்தளம். மிக்ஜாம் புயலின்போது கணுக்கால் அளவுக்குத் தண்ணீர் வந்தது என்று கடைசி வரியில் போகிறபோக்கில் எழுதியிருக்கிறீர்கள். அதுதான் முதல் வரியில் இருந்திருக்க வேண்டும்! தரையோடு தரையாக உட்கார்ந்திருக்கிற மரப்பெட்டிக்குள் தண்ணீர் புகுந்தால், பெட்டியும் போச்சு, உள்ளே இருந்ததும் போச்சு.

ஆகவே இரும்புக் கட்டில். வெல்டிங் பட்டறையில் அளவு சொல்லியே செய்துகொள்ளலாம். சட்டத்தின் உயரம் 15 அங்குலம், மேலே 3 அங்குலப் பஞ்சு மெத்தை, ஆக 18. உட்கார்ந்தால் கால் தரையில் பதியும், எழுந்திருக்கவும் சிரமம் இருக்காது. அடியில் 13 அங்குலமாவது கிடைக்கும். அங்கே தகரப் பெட்டி மூன்று, 12 அங்குல உயரத்துக்குள் பார்த்து வாங்குங்கள். நம்முடைய பழைய டிரங்குப் பெட்டிதான், இன்றும் பாத்திரக்கடைகளில் கிடைக்கிறது. கீழே நான்கு மூலையிலும் ரப்பர் புஷ் வையுங்கள், தரையின் ஈரம் ஏறித் துருப்பிடிக்காது. மழை எச்சரிக்கை வந்தால் இரண்டு பேர் பிடித்து மூன்றையும் கட்டில் மேல் தூக்கி வைத்துவிடலாம். கட்டிலின் முன்பக்கம் விரிப்பு தரை வரை தொங்கினால் அடியில் பெட்டி இருப்பதே தெரியாது. அவற்றில் கம்பளி, கூடுதல் போர்வை, தலையணை, விருந்தாளிகளுக்கான பாய்விரிப்பு என்று துவைத்து எடுக்க முடிந்த சாமான் மட்டும் போகட்டும். சான்றிதழ், பத்திரம், ரேஷன் கார்டு எல்லாம் பீரோவின் மேல்தட்டில் இருக்க வேண்டும். மகளின் பத்தாம் வகுப்பு மார்க் ஷீட்டும் சீக்கிரம் வந்துவிடும்.

உங்கள் கணவர் பார்த்து வைத்த ஷெல்ஃபுக்கு வருகிறேன். அவர் மேல் எனக்குக் குறை ஒன்றுமில்லை, பொருள் குவிந்தால் அலமாரி வாங்கத் தோன்றுவது இயல்புதான். ஆனால் அந்த ஷெல்ஃபே 8 அடி அகலம், 16 அங்குல ஆழம். இடம் பண்ண வந்தது கிட்டத்தட்ட 11 சதுர அடியை அடைத்துக்கொள்ளும். நீங்கள் அனுப்பிய விளம்பரத்தில் பார்ட்டிகிள் போர்டு என்று சின்ன எழுத்தில் இருக்கிறது. மரத்தூளையும் மரச்சில்லையும் பசை போட்டு அழுத்திய பலகை அது. ஈரம் பட்டால் உப்பிவிடும், பிறகு பழையபடி ஆகாது. வாடகை வீடு வேறு. மாறும்போது கழற்றி மறுபடி பூட்டினால் அதே ஓட்டையில் திருகு பிடிக்காது. அடுத்த வீட்டின் சுவர் ஏழு அடியாக இருந்தால்? 32,000 ரூபாயைப் பத்திரமாக வைத்திருக்கச் சொல்லுங்கள்.

அதற்குப் பதில் டிவி ஸ்டாண்டு இருந்த இடத்தில் 10 அங்குல ஆழத்தில், 4 அடி அகலத்தில், இடுப்பு உயரத்துக்கு ஒரு புத்தக அலமாரி போதும். பாடப்புத்தகத்துக்கு அதற்கு மேல் ஆழம் தேவையில்லை. ஆழம் கூடினால் முன்னால் ஒரு வரிசை, பின்னால் ஒரு வரிசை என்று அடுக்குவோம். பின்வரிசை காணாமல் போய்விடும். உங்கள் 32 அங்குல டிவி அதன் மேலேயே நிற்கும், சுவரைத் தொடவே வேண்டாம். ஆசாரியிடம் செய்யச் சொன்னால் ஐ.எஸ். 710 முத்திரை உள்ள பிளைவுட் கேளுங்கள், அது தண்ணீரைத் தாங்கும் ரகம். அடித்தட்டு தரையிலிருந்து அரை அடி உயர்ந்து காலில் நிற்கட்டும். மகள் எழுத மடக்கு மேஜை ஒன்று வாங்கி, மடக்கியதும் பீரோவுக்கும் சுவருக்கும் நடுவில் செருகிவிடலாம். வடகிழக்குப் பருவமழையில் ஓதம் ஏறும் சுவர் என்றால் பீரோவை எப்படியும் இரண்டு மூன்று அங்குலம் தள்ளித்தான் வைக்க வேண்டும். அந்தச் சந்துக்கு ஒரு வேலை கிடைத்தமாதிரி ஆயிற்று. மேஜையும் டிவியும் ஒரே அறையில் எப்படி என்று கேட்பீர்கள். அதை உங்கள் மாமியாரின் சீரியல் நேரத்தோடு நீங்கள்தான் பேசித் தீர்க்க வேண்டும், என்னால் ஆகாது.

இந்த மாற்றத்துக்குப் பிறகு கணக்கு: கட்டில் 15, ஒற்றை சோஃபா 8, பீரோ நாலரை, அலமாரி மூன்றரைக்குக் கொஞ்சம் குறைவு. மொத்தம் 31. ராத்திரி மகளின் பாயோடு சேர்த்து 46. முன்பு 79.

துணி மலை எங்கே போகும்? எந்த வீட்டிலும் காலியாக ஒரு நாற்காலி இருந்தால் அது துணிக்குத்தான், எங்கள் வீட்டிலும்தான். கொடியிலிருந்து எடுத்த துணிக்கு ஒரே ஒரு கூடை வையுங்கள், பெரிய கூடை வேண்டாம். அது நிரம்பினால் மடித்தே ஆக வேண்டும் என்கிற அளவில் இருக்கட்டும். மடிக்கிற வேலை உங்கள் ஒருவருடையது என்று யாரும் எழுதி வைக்கவில்லை. நான்காம் வகுப்புப் பையனுக்குத் தன் பனியனை மடிக்கத் தெரியும்.

செருப்பு விஷயத்தில் பெரிதாக ஒன்றுமில்லை. ஆளுக்கு ஒரு ஜோடி வாசலில், மற்றதெல்லாம் பெட்டிக்குள். பொதுப் படிக்கட்டில் மட்டும் அடுக்காதீர்கள்.

பரண்தான் உங்கள் வீட்டின் புதையல். இரண்டடி ஆழத்தில் ஹாலின் ஒரு சுவர் முழுக்கப் பரண் இருக்கிற வீடு இப்போது கட்டுகிற ஃபிளாட்டுகளில் அபூர்வம். அதை நீங்கள் எதை வைத்து நிரப்பியிருக்கிறீர்கள்? டிவி வந்த அட்டைப்பெட்டி, மிக்ஸி வந்த அட்டைப்பெட்டி, வாரண்டிக்கு வேண்டும் என்று. வாரண்டிக்கு வேண்டியது பில்தான், போனில் படம் எடுத்து வைத்துக்கொண்டு, தாளையும் பீரோவில் போடுங்கள். அப்புறம் பையன் படுத்த தொட்டில். அவன் நான்காம் வகுப்பு! ஒரு ஞாயிற்றுக்கிழமை எல்லாவற்றையும் கீழே இறக்குங்கள். ஸ்டூல் மேல் ஸ்டூல் போட்டு ஏறாதீர்கள், எதிர்வீட்டில் ஏணி இருந்தால் கேளுங்கள். மாமியாரின் பித்தளை அண்டாவை மட்டும் அவரைக் கேட்காமல் பழைய பாத்திரக்காரரிடம் போட்டுவிடாதீர்கள். அது பரணில் இருந்துகொள்ளட்டும், தப்பில்லை. அந்த ஒரு அண்டாவுக்காகக் கெடுகிற நிம்மதி, கிடைக்கிற இடத்தைவிடப் பெரியது. அண்டாவுக்குள்ளேயே சின்னப் பாத்திரங்களை அடுக்கிவிடலாம்.

வீட்டுக்காரர் ஆணி வேண்டாம் என்றதை இந்த ஏற்பாட்டில் எங்குமே மீறவில்லை, கவனித்தீர்களா? பரணுக்கு முன்னால் திரை வேண்டுமென்றால் இரண்டு பக்கச் சுவருக்கும் நடுவில் ஸ்பிரிங் ராடு அழுந்தி நிற்கிறதா என்று பாருங்கள். பத்தடி நீளத்துக்குத் தொய்ந்துவிடும் என்றால் திரையே வேண்டாம், ஒரே நிறத்தில் பெட்டிகளாக அடுக்கினாலே கண்ணுக்கு உறுத்தாது.

கொலுவைக் கடைசிக்கு வைத்ததற்குக் காரணம் உண்டு. ஒன்பது நாளைக்காக இரும்புப்படி வருஷம் முழுக்க ஹாலில் சாய்ந்து நிற்கிறது. அதைக் கொடுத்துவிடுங்கள். எங்கள் வீட்டில் படி என்று தனியாக ஒன்று இருந்ததே இல்லை. கட்டிலுக்கு அடியில் இருக்கிற மூன்று தகரப் பெட்டியும்தான் இனி உங்கள் படி. பின்னால் ஒன்றின் மேல் ஒன்றாக இரண்டு, அதற்கு முன்னால் ஒன்று, அதற்கும் முன்னால் செங்கல் மேல் ஒரு பலகை. மேலே வெள்ளை வேட்டியை விரித்தால் மூன்று படி. ஐந்து படி வைத்த குடும்பம் என்று மாமியார் முகம் சுருங்கலாம். ஒற்றைப்படையாக இருந்தால் போதுமே என்று சொல்லிப் பாருங்கள். மிஞ்சுகிற செட்டியார் கடை, கிரிக்கெட் டீம் எல்லாம் தரையில் பார்க் போட உங்கள் பையனிடம் கொடுங்கள், அவனுக்கு அதுதான் கொலு.

பொம்மைகளைப் பழைய பருத்தி வேட்டியைக் கிழித்துச் சுற்றி, பெட்டியில் காய்ந்த வேப்பிலையும் வசம்பும் போட்டு பரணில் ஏற்றுங்கள். பெட்டியின் வெளியே என்ன இருக்கிறது என்று மகளை விட்டுப் பெரிதாக எழுதச் சொல்லுங்கள். ஏற்றும்போது மரப்பாச்சி இருக்கிற பெட்டியை மட்டும் எல்லாவற்றுக்கும் முன்னால் வையுங்கள். அடுத்த நவராத்திரிக்கு முதலில் இறங்க வேண்டியது அதுதான்.