கார்டு சரி, ஒலி ஏன் ஒட்டவில்லை?

கேள்வி: பாடகி ஜோனி மிட்செலின் ‘லேடீஸ் ஆஃப் த கேன்யன்’ ஆல்பத்தில் உள்ள ‘பிக் யெல்லோ டாக்ஸி’யைக் கிடாரில் ஈ, ஏ, பி கார்டுகளில் வாசிக்கிறேன். அந்த ஒலி வரவில்லை. கை வைக்காமல் தட்டினாலே ஈ கார்டு ஒலிக்கும் ‘ஓபன் ஈ’ சுருதிக்கு ஏற்றியபோது மூன்றாம் கம்பி அறுந்துவிட்டது. என்ன செய்வது?
– வாசகர், செங்கோட்டை

பதில்: உங்கள் விரலில் குறையில்லை, விஷயம் சுருதியில்தான். சிறுவயதில் வந்த போலியோவால் ஜோனியின் இடது கை பலவீனப்பட்டது. அதனால் வெறும் கம்பிகளைத் தட்டினாலே கார்டு ஒலிக்கும்படி சுருதியை மாற்றிக்கொண்டார். 1970இல் வந்த இந்தப் பாட்டு ஓபன் ஈ. அதற்கு 5, 4, 3ஆம் கம்பிகளை ஏற்ற வேண்டும். சாரல் ஈரத்தில் துருவேறிய கம்பி அந்த இழுப்பைத் தாங்காது.

ஏற்றாதீர்கள், இறக்குங்கள். 6ஆம் கம்பி ஈ-யிலிருந்து டி-க்கு, 3ஆவது ஜி-யிலிருந்து எஃப் ஷார்ப்புக்கு, 2ஆவது பி-யிலிருந்து ஏ-க்கு, 1ஆவது ஈ-யிலிருந்து டி-க்கு. 5, 4 இரண்டையும் தொட வேண்டாம். பிறகு 2ஆம் ஃப்ரெட்டில் (கழுத்தின் குறுக்குக் கட்டை) கேப்போ, அதாவது எல்லாக் கம்பிகளையும் அழுத்திப் பிடிக்கும் கவ்வி, போட்டால் ஓபன் ஈ வந்துவிடும். ட்யூனர் செயலியை முதலில் எல்லாச் சுரங்களையும் காட்டும் ‘குரோமேட்டிக்’ முறைக்கு மாற்றுங்கள். வழக்கமான கிடார் முறையில் எஃப் ஷார்ப்பைப் பிடிக்காது. ஒவ்வொரு கம்பியையும் தேவைக்குச் சற்றுக் கீழே இறக்கி, மேலே ஏற்றி நிறுத்துங்கள். அப்படியே இறக்கி விட்டால் நட்டில் (கழுத்தின் மேல்முனையில் கம்பிகள் பதியும் பள்ளக் கட்டை) சிக்கிய கம்பி நாலு தட்டில் நழுவி, சுருதி இறங்கிவிடும். ஒன்றை மாற்றினால் மற்றவையும் அசையும், ஆகவே இரண்டாம் சுற்றும் பாருங்கள்.

இனி கை வைக்காமல் தட்டினால் ஈ. கேப்போவிலிருந்து எண்ணி 5ஆம் ஃப்ரெட்டில் ஒரு விரலைக் குறுக்கே அழுத்தினால் ஏ, 7இல் பி. கழுத்திலுள்ள புள்ளிகளைப் பார்த்து எண்ணினால் தப்பிவிடும். அந்தக் கணக்கில் ஏ, பி இருப்பது 7, 9இல். கம்பி கரகரத்தால் 10 கேஜ் (கம்பியின் தடிமன்) கம்பியை மாற்றி, தடித்த 12 போடுங்கள்.

அடுத்து 1971இன் ‘ப்ளூ’வைக் கேளுங்கள், தவறவே விடக்கூடாத ஆல்பம். அதில் ‘கேரி’, ‘எ கேஸ் ஆஃப் யூ’ பாட்டுகளில் ஜோனி வாசிப்பது மடியில் வைத்து மீட்டும் டல்சிமர். அந்த ஒலியைக் கிடாரில் தேடி அலைய வேண்டாம்.

கேள்வி: பாடகர் நீல் யங்கின் ‘ஹார்ட் ஆஃப் கோல்ட்’ என் சி கீ மவுத் ஆர்கனில் பொருந்தவில்லையே?
– வாசகர், களியக்காவிளை

பதில்: 1972இல் வந்த ‘ஹார்வெஸ்ட்’ ஆல்பத்தின் அந்தப் பாட்டுக்கு ஜி கீ வேண்டும். ஜி-யில் வரும் எஃப் ஷார்ப் உங்கள் சி கீயில் நேராகக் கிடைக்காது. ஒரே கீயின் சுரங்களுக்கென்றே அமைந்த பத்துத் துளை ‘டயடானிக்’ வகையைக் கேட்டு வாங்குங்கள். இரட்டை வரிசை டிரெமோலோவில் ஒலி அலையும், இந்தப் பாட்டுக்கு ஆகாது.