எட்டு மணிக்கும் எட்டரைக்கும் நடுவில்

அன்புள்ள ஐயா,

போன வாரம் வந்த உங்கள் சிறுகதையைப் படித்தேன். கணவன் நைட் செக்யூரிட்டி, மனைவி புடவைக் கடையில் சேல்ஸ். கதை முழுக்க பஸ், சம்பளம், குழு லோன் என்றே பேசிக்கொள்கிறார்கள். இதில் காதல் எங்கே இருக்கிறது? கடைசியில் மொட்டை மாடியில் நிலாவைப் பார்த்துச் சிரிப்பது வறுமைக்குப் பவுடர் பூசியதுபோல இருந்தது. கோபித்துக்கொள்ள வேண்டாம்.

க., வேளச்சேரி

அன்புள்ள க.,

கோபமே இல்லை. அந்தக் கதைக்குப் பின்னால் எனக்குத் தெரிந்த ஒரு அண்ணனும் அவர் மனைவியான அக்காவும் இருக்கிறார்கள். சிந்தாதிரிப்பேட்டையில் கூவம் கரையில் வீடு. அண்ணன் விடியற்காலையில் மீன் மார்க்கெட்டில் பெட்டி தூக்குவார். அக்காவுக்கு தி.நகரில் புடவைக் கடை. 2015 வெள்ளத்துக்குப் பிறகு கரையோர வீடுகளை எடுத்தார்கள், ஊருக்கு வெளியே பெரும்பாக்கத்தில் எட்டு மாடிக் குடியிருப்பில் வீடு கொடுத்தார்கள். அங்கிருந்து மூன்று மணிக்கு மார்க்கெட்டுக்கு எதில் வருவது? பெட்டி தூக்குவது நின்றது. ஓ.எம்.ஆரில் ஒரு அபார்ட்மெண்ட் கேட்டில் இரவு எட்டு முதல் காலை எட்டு வரை டூட்டி. அக்கா காலை எட்டரைக்குப் பஸ் ஏறினால் வீடு திரும்ப ராத்திரி பத்தரை. ஒரே பாய்தான், ஒருத்தர் சுருட்டி வைத்ததை இன்னொருத்தர் விரிக்கிறார்.

இருவருக்கும் மிச்சம் அந்தப் பஸ் ஸ்டாப். 2021 மே மாதத்திலிருந்து சாதாரணக் கட்டணப் பஸ்ஸில் பெண்களுக்கு டிக்கெட்டுக்குக் காசு இல்லை. காசு பஸ் முன்னாலேயே வந்துவிடும். அக்கா ஏற மாட்டார். அடுத்தது வருவதற்குள் அண்ணன் யூனிஃபார்மோடு வந்து பக்கத்தில் உட்கார்ந்துவிடுவார்.

"துன்னியாமே?"

"கடைல துன்னுக்கறேன். நீ போய்த் தூங்குயா. டபுள் டூட்டி கேட்டா ஒத்துக்காத."

"குழு லோனு?"

"அத்த நான் பாத்துக்கறேன்."

பார்த்துக்கொள்வது என்றால் சூப்பர்வைசரிடம் ஏச்சு வாங்கிக்கொண்டு அட்வான்ஸ் கேட்பது. அண்ணனுக்கு அது தெரியும். அவர் பதில் பேசாமல் அக்காவின் வலது காலைத் தூக்கித் தன் மடியில் வைத்துக் கணுக்காலை அமுக்கினார். கடை ஊழியர்களுக்கு உட்கார இடம் கொடுக்க வேண்டும் என்று 2021இல் சட்டம் வந்தது. அக்காவின் கடையிலும் ஒரு ஸ்டூல் வந்தது. கஸ்டமர் இருக்கும்போது உட்காரக் கூடாது என்றும் சொல்லிவிட்டார்கள். தி.நகரில் கஸ்டமர் இல்லாத நேரம் எது? முந்தின நாள் வீக்கம் காலையிலும் வடிந்திருக்கவில்லை. "நாலு பேர் பாக்குறாங்கயா" என்று அக்கா காலை இழுத்தார். அவர் விடவில்லை. பன்னிரண்டு மணி நேரம் கேட்டில் நின்றுவிட்டு வந்தவர்.

குழு லோன் பேச்சை நான் கதையில் வைத்தது இதற்காகத்தான். அந்த நேரத்தில் அவர்களுக்கு வேறு பேச்சு இல்லை. ஒருவருடைய உடம்பு படும் பாட்டை இன்னொருவர் கணக்கு வைத்திருக்கிறார், அந்தக் கணக்கைத்தான் பேசிக்கொள்கிறார்கள்.

வறுமை அவர்கள் அன்பை வளர்த்தது என்று நான் நம்பவில்லை. எட்டு மணி நேர வேலையும் வாரம் ஒரு நாள் சம்பளம் பிடிக்காத லீவும் இருந்திருந்தால் மெரினாவுக்குப் போயிருப்பார்கள், சுண்டல் வாங்கித் தின்றிருப்பார்கள், சாவகாசமாகச் சண்டை போட்டிருப்பார்கள். அதற்கெல்லாம் நேரமில்லாமல் செய்ததை நினைத்தால் எனக்கு ஆறவில்லை.

நிலாவைப் பற்றி நீங்கள் சொன்னது சரி. இரவில் அண்ணன் கேட்டில் இருப்பார். அந்த மொட்டை மாடிக்கு இருவரும் சேர்ந்து ஏறியதே இல்லை. அது நானாகச் சேர்த்தது. தொகுப்பில் எடுத்துவிடுகிறேன்.